வாடிய தக்காளியும் வண்ண ரிப்போர்ட்டும்: ஒரு மண் நுண்ணுயிர்ப் பரிசோதனைப் பெட்டி

முதலில் கண்ணாடி டம்ளரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரம் காத்திருந்து கைக்கு வந்த 23 பக்க ரிப்போர்ட் சொன்னதில் முக்கியமான ஒன்றை அந்த டம்ளர் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தியில் 14 தக்காளிச் செடிகள். காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு செடி மத்தியானம் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தது. வெயில்தான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நிமிரவே இல்லை. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பச்சையாகவே தொங்கியது. தண்டை மண்ணுக்குச் சற்று மேலே அறுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி டம்ளரில் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று கீழே இழைய ஆரம்பித்தது. பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா வேரில் உள்ள சின்னக் காயங்கள் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து குழாயையே அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகும்.

நோய் தெரிந்த பிறகு எதற்குப் பரிசோதனை என்று கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். எனக்குக் குடைச்சல் கொடுத்தது செத்த செடி இல்லை, அதற்கு இரண்டடி தள்ளி நின்ற செடி. அதே நாற்று, அதே தண்ணீர், அதே எரு. அது ஜம்மென்று காய்த்துக்கொண்டிருந்தது. அதன் வேரைச் சுற்றி யார் இருக்கிறார்கள், இதன் வேரைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று பார்த்தாக வேண்டும் போலிருந்தது. 26 வருஷம் மருத்துவமனை ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டுகளோடு உட்கார்ந்து ஓய்வு பெற்றவளுக்கு இந்த அரிப்பு வருவது இயற்கைதானே. மகளிடம் புலம்பினேன். அவள் இந்தப் பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டாள்.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த மாதிரிச் சேவையை இன்று பலர் நடத்துகிறார்கள். நான் பார்த்த குறைகளில் பாதி அவர்களில் யாரிடம் போனாலும் நீங்கள் கேட்டுத் தெளிய வேண்டியவை.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. திருகு மூடி போட்ட குழாய்கள் இரண்டு, உள்ளே டிஎன்ஏ கெடாமல் காக்கும் திரவம். இலைக்கு ஒரு துடைப்புக் குச்சியும் அதற்கு ஒரு குழாயும். ஒரு ஜோடி கையுறை, சின்னக் கரண்டி, திருப்பி அனுப்ப உறை. அந்தத் திரவத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஈர மண்ணைச் சும்மா பையில் போட்டுத் தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள் ஆட்டம் போட்டுவிடும். ஆய்வகம் படிப்பது உங்கள் பாத்தியை அல்ல, தபால் பையை.

வழிமுறைத் தாளில்தான் சிக்கல். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஐந்து இடங்களில் மண் எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு சிட்டிகை குழாயில் போடச் சொன்னார்கள். உரச்சத்துப் பார்ப்பதற்கு அது சரி. நோய்க்கு இது சரிப்படாது. செடியோடு குடித்தனம் நடத்தும் நுண்ணுயிர்கள் இருப்பது வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில். அதற்கு ரைசோஸ்பியர் என்று 1904-இல் பெயர் வைத்தவர் லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர். வேர் சர்க்கரையும் அமிலங்களும் கசியவிடும். இலை உழைத்துச் சேர்த்ததில் ஒரு நல்ல பங்கு இப்படி மண்ணுக்குப் போகிறது. அந்தப் பந்தியில் இடம் பிடித்தவர்கள் ஒரு கூட்டம். ஒரு சாண் தள்ளி வெறும் மண்ணில் இருப்பது வேறு கூட்டம். இரண்டையும் கலக்கி, வாடிய செடியின் மண்ணையும் நல்ல செடியின் மண்ணையும் ஒன்றாக்கினால் நான் கேட்ட கேள்வியே கரைந்துவிடும்.

போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், சராசரிதான் முக்கியம், தாளில் இருக்கிற மாதிரியே பண்ணுங்க" என்றான். "தம்பி, வார்டில் இருக்கும் ஐந்து பேர் ரத்தத்தைக் கலந்து ஒரு டெஸ்ட் பண்ணுவீங்களா?" என்றேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். இன்றுவரை சொல்லவில்லை.

சரி என்று என் இஷ்டப்படி செய்தேன். அடுத்து வாட ஆரம்பித்த இன்னொரு செடியை வேரோடு பிடுங்கி, உதிர்கிற மண்ணை உதறிவிட்டு, வேரில் ஒட்டியதை மட்டும் தூரிகையால் தட்டிக் குழாய் 'அ'வில் போட்டேன். பக்கத்து நல்ல செடியின் ஓரத்து வேர் ஒன்றை வெட்டி எடுத்து அதே மாதிரி குழாய் 'ஆ'வில். அதை வெட்ட மனசு வரவில்லை, ஆனாலும் ஒப்பிட ஆள் வேண்டுமே. குச்சியால், பழுப்புப் புள்ளி விழுந்த ஓர் இலையைச் செடியின் அடிப்பக்கத்தில் தேடித் துடைத்தேன்.

மூன்று வாரம் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. அதற்குள் 14-இல் 6 செடிகள் போய்விட்டன.

ரிப்போர்ட்டை முதலில் திறந்தபோது இலைப் பக்கம்தான் கண்ணில் பட்டது. சிரிப்பு தாங்கவில்லை. என் தக்காளி இலையில் பாதிக்கு மேல் சயனோபாக்டீரியா இருக்கிறதாம், காற்றிலிருந்து தழைச்சத்தை நிலைநிறுத்துகிறதாம், எனக்கு வாழ்த்துகளாம்! நடந்தது இதுதான். இவர்கள் படிப்பது 16எஸ் என்ற ஒரு ஜீனை. எல்லா பாக்டீரியாவிலும் அது இருக்கும், அதன் எழுத்து வேறுபாட்டை வைத்து யார் யார் என்று பிரிப்பார்கள். இலையின் பசுங்கணிகமோ ஒரு காலத்தில் சயனோபாக்டீரியாவாக இருந்து தாவர செல்லுக்குள் குடியேறியதன் வம்சம். அதனிடமும் அந்த ஜீன் இருக்கிறது. ஆக இவர்கள் எண்ணியது என் தக்காளியின் பசுங்கணிகத்தை. இலை, வேர் மாதிரிகளைப் படிப்பவர்கள் முதல் வேலையாக இதைக் கழிக்க வேண்டும். எழுதிக் கேட்டதும் திருத்திய பக்கத்தை அனுப்பிவிட்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் கழித்த பிறகு மிச்சமிருந்த டிஎன்ஏ வரிசைகள் மிகக் கொஞ்சம். இலைப்புள்ளியால் இலையின் கூட்டம் எப்படி மாறியது என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இலைக் குச்சி இலவசம்தான், அதனால் போகட்டும்.

இனி வேர்ப் பக்கம். வாடிய செடியின் வேர்மண்ணில் ரால்ஸ்டோனியா 100-க்கு 17. நல்ல செடியில் 1-க்கும் கீழே. வாடியதில் பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை குறைவு, சில பேரினங்கள் மட்டும் ஆதிக்கம். நல்லதில் ஃபிளேவோபாக்டீரியம், சிட்டினோஃபாகா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பல பேர் பரவலாக. இதைப் பார்த்ததும் உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. 2018-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வாடல் நோயைத் தாங்கும் ஹவாய் 7996 என்ற தக்காளியையும், சுலபமாக விழும் மணிமேக்கர் என்ற தக்காளியையும் வைத்து ஒரு வேலை செய்தார்கள். தாங்கும் செடியின் வேர்மண் நுண்ணுயிர்களை எடுத்து விழும் செடிக்கு மாற்றினார்கள். அதில் வாடல் குறைந்தது. தாங்கும் செடியின் பக்கம் அதிகமாக இருந்தவற்றில் ஒன்று ஃபிளேவோபாக்டீரியா. அதைத் தனியாக வளர்த்துக் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது.

ஆனால் ஆய்வக மூளை சும்மா இருக்குமா. மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன்.

முதலாவது, இந்த ரால்ஸ்டோனியா எந்த ரால்ஸ்டோனியா? 16எஸ் ஜீனின் ஒரு துண்டை வைத்துப் பேரினம் வரை ஓரளவு நம்பிப் பேசலாம், அதற்குக் கீழே இனம் வரை போவது பெரும்பாலும் கஷ்டம். எங்கள் மருத்துவமனை உலகத்தில் ரால்ஸ்டோனியா பிக்கெட்டி என்று இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு. சுத்தமான நீர், உப்புக் கரைசல் என்று ஒன்றும் வளரக்கூடாத இடத்தில் வளர்ந்து மானத்தை வாங்குவார். டிஎன்ஏ பிரிக்கும் ரசாயனங்களிலேயே ரால்ஸ்டோனியாவின் டிஎன்ஏ மாசாக இருப்பது தெரிந்த விஷயம். அதனால் மண்ணே போடாமல் வெறும் குழாயை ஓட்டிய கன்ட்ரோலில் என்ன வந்தது என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: கன்ட்ரோலில் ரால்ஸ்டோனியா இல்லை. இது அவர்களுக்குப் பெரிய பிளஸ். கேட்காமலே ரிப்போர்ட்டில் போட்டிருந்தால் இன்னும் பெரிய பிளஸ். அந்த விடையும் டம்ளரும் சேர்ந்த பிறகுதான் 17 என்ற எண்ணை நம்பினேன்.

இரண்டாவது, 100-க்கு இத்தனை என்றால் மொத்தம் எத்தனை? ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து இன்னும் 40 பேர் வந்து உட்கார்ந்தால் பழைய பிள்ளைகளின் பங்கு பாதியாகிவிடும். ஒருவர்கூட வெளியே போகவில்லை. அதே மாதிரி ரால்ஸ்டோனியா பெருகினாலே மற்றவர்களின் சதவீதம் தானாக விழும். அவர்கள் நிஜமாகவே செத்தார்களா, அப்படியே இருக்கிறார்களா என்று இந்தக் கணக்கு சொல்லாது. சிறுநீர் கல்ச்சரில் ஒரு மில்லிக்கு 1,00,000 கிருமி இருந்தால் தொற்று என்று கோடு போட்டு வேலை பார்த்தவள் நான். எண்ணிக்கை இல்லாத சதவீதம் எனக்கு உப்பில்லாத பண்டம். "எங்கள் பேக்கேஜில் அது இல்லை" என்றார்கள். நேர்மையான பதில், ஏமாற்றமான பதில். செத்துப்போன பாக்டீரியாவின் டிஎன்ஏவும் மண்ணில் கிடந்து கணக்கில் வரும் என்பதையும் ரிப்போர்ட்டில் எங்கேயும் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். இந்த மாற்றம் நோயால் வந்ததா, இந்த மாற்றத்தால் நோய் வந்ததா?

படுக்கைப் புண்ணிலிருந்து சீழ் எடுத்துக் கல்ச்சர் போட்டால் தட்டு முழுக்க நாலைந்து கிருமி முளைக்கும். டாக்டர் வந்து "இதில் யாரும்மா குற்றவாளி?" என்று கேட்பார். புண்ணை உண்டாக்கியவர் ஒருவர், புண் ஆன பிறகு விருந்துக்கு வந்தவர் வேறொருவர். வேரும் அப்படித்தான். நோய்ப்பட்ட வேரின் செல்கள் உடைந்து உள்ளே இருப்பது கசியும், அதைத் தின்ன அழுகல் கூட்டம் ஓடி வரும். அவர்கள் நோய்க்குக் காரணம் இல்லை, நோயின் விளைவு.

மூன்றாவதாக ஒரு ரகமும் இருக்கிறது. செடியே கூப்பிட்டு வருபவர்கள். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செல்லப்பிள்ளைச் செடியின் இலையில் நோய் பாக்டீரியாவைப் போட்டால், நோய் படாத வேர் மாலிக் அமிலத்தை அதிகம் சுரந்து பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை வரவழைக்கிறது என்று 2008-இல் காட்டினார்கள். இலையில் அடி, வேரில் அழைப்பு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்டது இன்னும் அழகு. அதே செடிக்கு அடிச்சாம்பல் நோயைக் கொடுத்தபோது வேரில் மூன்று பாக்டீரியாக்கள் கூடின: சாந்தோமோனாஸ், ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ், மைக்ரோபாக்டீரியம். மூன்றும் சேர்ந்தால் செடியின் எதிர்ப்புச் சக்தி கூடியது. அந்த மண்ணில் அடுத்து விதைத்த செடிகளுக்கும் நோய் குறைந்தது. தாய்க்கு வந்த நோயின் சீதனம் பிள்ளைக்கு மண்ணில் கிடைத்த மாதிரி.

இதைத் தெரிந்துகொண்டு என் ரிப்போர்ட்டின் 11-ஆம் பக்கத்தைப் பாருங்கள். எல்லா பாக்டீரியாவுக்கும் பச்சை, சிவப்பு என்று வண்ணம் அடித்திருக்கிறார்கள். பச்சை நல்லவர், சிவப்பு கெட்டவர். சாந்தோமோனாஸ் சிவப்பு. தக்காளிக்கு இலைப்புள்ளி கொடுக்கும் சாந்தோமோனாஸ் உண்டு, மறுக்கவில்லை. மேலே சொன்ன உதவிக்கு வந்த சாந்தோமோனாஸும் உண்டு. சூடோமோனாஸ் முழுவதும் பச்சை. அந்தப் பேரினத்தில்தான் வேரைக் காப்பவையும் இருக்கின்றன, தக்காளி இலையில் கரும்புள்ளி போடும் சூடோமோனாஸ் சிரிஞ்சேயும் இருக்கிறது. ஒரு தெருவில் இருக்கும் எல்லோரையும் குடும்பப் பெயரை வைத்து ஜெயிலில் போடுகிற வேலை இது. என் வாடிய செடியில் "சிவப்பு" அதிகம் என்று மதிப்பெண் 100-க்கு 38 கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பில் யார் கொன்றவர், யார் தின்ன வந்தவர், யார் காப்பாற்ற வந்து தோற்றவர் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் மட்டும் மார்க் போட்டுவிட்டார்கள்.

அப்புறம், பூஞ்சை எதுவுமே இந்த ரிப்போர்ட்டில் இல்லை. பூஞ்சைக்கு 16எஸ் கிடையாது, வேறு பகுதியைப் படிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். செடிக்கு உதவும் டிரைக்கோடெர்மா பூஞ்சை இருக்கிறதா, வாடல் கொடுக்கும் ஃப்யூசேரியம் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆர்டர் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் "மண்ணின் முழு உயிர்ச் சித்திரம்" என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம்.

கடைசிப் பக்கம் நான் எதிர்பார்த்த மாதிரியே விளம்பரம். என் மண்ணுக்கு "பரிந்துரை" அவர்களே விற்கும் பேசிலஸ் பொடி. ஒரு கிராமில் உயிருள்ள பாக்டீரியா எத்தனை, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற இரண்டும் அவர்கள் விற்பனைப் பக்கத்தில் இல்லை. பேசிலஸ் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் நோய் பாக்டீரியா தின்னும் அதே உணவை ஏற்கெனவே தின்று தீர்க்கிற கூட்டம் மண்ணில் இருந்தால்தான் அதற்கு இடம் கிடைக்காமல் போகும். புதிதாகக் கொட்டும் ஒரே ஒரு இனம் அந்த நெரிசலில் நிலைக்குமா என்பது அந்தந்த மண்ணைப் பொறுத்தது. பரிசோதனை செய்பவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால் ரிப்போர்ட்டைச் சந்தேகக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

"அப்படியே விட்டால் மண்ணே சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு உண்மை இருக்கிறது. கோதுமையில் டேக்-ஆல் என்ற வேரழுகல் பூஞ்சை நோய், ஒரே வயலில் வருஷா வருஷம் கோதுமையே போட்டால் முதலில் ஏறி, உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணிகிறது. அந்தப் பூஞ்சையைத் தடுக்கும் ரசாயனம் சுரக்கும் சூடோமோனாஸ்கள் வேரில் பெருகுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நடுவில் வேறு பயிர் வைத்தால் அந்தப் பாதுகாப்பு கலைந்துவிடும். நோய் வந்து போனால்தான் அது உருவாகிறது. ஆனால் கோதுமைக்கு நடந்ததை நம்பி நான் தக்காளியை வரிசையாகப் பலி கொடுக்கத் தயாரில்லை. ரால்ஸ்டோனியா மண்ணில் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், மூன்று. குழாய்த் திரவத்துக்கும் கன்ட்ரோல் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொன்னதற்கும் இரண்டு. மூல டேட்டாவைக் கேட்டதும் முழுசாக அனுப்பியதற்கு ஒன்று. மகள் அதை வைத்து வண்ணம் இல்லாத ஒரு படம் போட்டுக் கொடுத்தாள், அதுதான் இப்போது என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. செடியில் என்ன நோய் என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் இந்தப் பெட்டி வேண்டாம். டம்ளர் போதும், அல்லது பக்கத்தில் பயிர் நோய் தெரிந்த ஒருவர் போதும். வாடிய செடி ஒன்று, நல்ல செடி ஒன்று என்று ஜோடியாக எடுக்கப் பொறுமை இருந்தால் வாங்கலாம். இரண்டே குழாய் ஒன்றையும் நிரூபிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஜோடியில் தெரிந்த வித்தியாசம் அந்த இரண்டு செடிகளின் வித்தியாசமாகவே இருக்கலாம். ஆறு ஜோடியாவது வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் "சிறந்த கேள்வி, மேடம்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதற்குப் பதில் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு 2019-இல் சீன, டச்சு ஆய்வாளர்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். செடியைப் பிடுங்காமலே ஒரே தக்காளியின் வேர்மண்ணை மறுபடி மறுபடி எடுக்கும்படி செடி வளர்க்கும் பெட்டி ஒன்றைச் செய்து, நட்ட நாளிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். பிற்பாடு வாடிய செடிகளுக்கும் பிழைத்த செடிகளுக்கும் ஆரம்ப மண்ணிலேயே வித்தியாசம் இருந்தது. அதாவது மாதிரி எடுக்க வேண்டிய நேரம் செடி நன்றாக இருக்கும்போது. நான் எடுத்தது சாவு வீட்டில்.

அதனால் அடுத்த நடவுக்கு இப்போதே ஆறு குழிகளில் தனித்தனியாக மண் எடுத்து, தேதியும் குழி எண்ணும் எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். எந்தக் குழிச் செடி வாடுகிறதோ, எது நிற்கிறதோ, அதைப் பார்த்த பிறகு அந்தப் பைகளை அனுப்புவேன். ஐஸ் எடுக்கப் போன வீட்டுக்காரர் பைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் தட்டை மட்டும் மேல் அடுக்குக்கு மாற்றி வைத்திருக்கிறார்.